சட்டம் தந்த சுல்தானும் நான் எடுத்த கடதாசியும்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லின்ஃபீல்டில் உள்ள எங்கள் வீட்டில் ஏழெட்டுத் தமிழர்கள் கூடி உலக வரலாறு கதைப்பார்கள். அதைத் தொடங்கியவர் என் கணவர். யாழ்ப்பாணத்தில் படிக்க முடியாமல் போனதை எல்லாம் இங்கே வெளிநாட்டில் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு நடுவில் படித்துத் தீர்ப்பவர். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு வராது. அதனால் தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு. குசினி வாசலில் நின்றால் எல்லாம் கேட்கும். அது எனக்குப் போதுமாக இருந்தது, டீச்சர் வரும்வரை.

டீச்சர் மலேசியாவில் வரலாறு படிப்பித்தவர். இப்போது இதே நகரத்தில், கிளென் ஈடனில் தனியாக இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். வந்த இரண்டாம் மாதமே கூட்டத்துக்குச் சட்டம் போட்டார். மாதம் ஒருவர் குறிப்பு எழுதி வந்து பேச வேண்டும், கேள்வி முடியும்வரை தேத்தண்ணி கிடையாது. என் வடை ஆறத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

வடை ஆறியதுகூடப் பெரிதில்லை. வீட்டில் என் கணவர் நாளுக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். "சாப்பாடு வையும்", "மீற்றிங்குக்கு நேரமாச்சு", அவ்வளவுதான். டீச்சரிடம் மட்டும், "அப்ப உதுமானியர் வியன்னாவிலை இருந்து ஏன் திரும்பினவை? நீங்கள் சொல்லுங்கோ" என்று கதிரை நுனிக்கு வந்து கேட்பார். இருபத்தாறு வருடத்தில் என்னிடம் இவர் அப்படி எதையும் கேட்டதில்லை. கேட்டாலும் எனக்கு வியன்னா எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஒரு மாதம் கூட்டம் முடிந்து போகும்போது டீச்சர் புத்தகப் பையை எங்கள் சோபாவில் கவிழ்த்து எதையோ தேடினார். அவர் போன பிறகு மெத்தைக்கு இடையில் ஒரு கடதாசி கிடந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் கைப்பட எழுதிய குறிப்பு. உதுமானியப் பேரரசின் பொற்காலம், அதன் சுல்தான் பிடித்த நாடுகள், அவர் திருத்திய சட்டங்கள். இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுதியிருந்தது. எடுத்து வைத்து இவரிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். அப்போது இவர், "டீச்சற்றை எழுத்தைப் பாத்திருக்கிறீரே? அச்சடிச்ச மாதிரி" என்றார், பழைய குறிப்பு ஒன்றைக் காட்டி. கடதாசியை மடித்து என் வேலைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். "அக்கா, ஒரு தாளு விட்டுட்டு வந்துட்டேன் போல. கொஞ்சம் பாருங்களேன்லா."

"இல்லை டீச்சர், இஞ்சை ஒண்டும் இல்லை" என்றேன். இத்தனை இலகுவாகப் பொய் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நான் நகரின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் படுக்கை விரிப்பு, துவாய் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். போக இரண்டு பஸ். பஸ்ஸில் கடதாசியை விரித்தேன். இந்தப் பெண்ணிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. ஒருமுறை வாசித்தேன், பிறகு தினமும் வாசித்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான், பாடமாக்குவது. பள்ளிக்கூடத்தில் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒப்புவித்தால்தான் இருக்க விடுவார்கள். கடையில் துவாய்களை மூன்றாக மடித்து அடுக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு துவாய்க்கு ஒரு வரி. மூன்றாம் வாரம் முழுக் கடதாசியும் தலைக்குள் இருந்தது. அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கூட்டத்தன்று டீச்சர் வெறுங்கையோடு வந்தார். "நோட்டு காணாம போச்சு. ஞாபகத்துல உள்ளத சொல்றேன், தப்பா இருந்தா சிரிக்காதீங்க" என்று தொடங்கினார். சுல்தான் பிடித்தது பெல்கிரேடு முதலா ரோட்ஸ் தீவு முதலா என்று தடுமாறினார். எனக்குள் ஒரு சின்ன சந்தோசம் எட்டிப் பார்த்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. இவர் முன்னால் சாய்ந்து, "பெல்கிரேடுதான் முதல் டீச்சர். அடுத்த வருசம் ரோட்ஸ். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு வரிக்கும் அதுதான். டீச்சர் தடங்கி நிற்பார், இவர் கை கொடுப்பார். இருவரும் சேர்ந்து ஒரு பேச்சைக் கட்டினார்கள். டீச்சரை விழுத்த நினைத்து, இவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்ததே நான்தான்.

"அப்புறம் அந்தச் சட்டம்..." என்று டீச்சர் நெற்றியைத் தேய்த்தார்.

தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்ற நான் வாயைத் திறந்தேன்.

"வெளிநாட்டார் அந்தச் சுல்தானைப் பெருஞ்சிறப்புக்காரர் என்றார்கள். அவருடைய சொந்த மக்கள் அவரைச் சட்டம் தந்தவர் என்றார்கள்."

எல்லாரும் திரும்பினார்கள். தட்டைக் கீழே வைக்காமல் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு நாட்டைப் பிடித்ததும் படைக்குப் பின்னால் எழுத்தர்கள் போவார்கள். வீடு, வயல், ஆலை, திராட்சைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் பதிவார்கள். இதுவரை உங்கள் வழக்கம் என்ன என்று ஊராரைக் கேட்பார்கள். தாங்கக்கூடியதை வைத்துக்கொண்டு, பாரமானதைத் தள்ளி, அந்த மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் எழுதுவார்கள். ஒரே குற்றத்துக்குப் பணக்காரனுக்குப் பெரிய தண்டம், ஏழைக்குச் சின்னத் தண்டம். அரசனின் ஆணையும் மார்க்கச் சட்டமும் மோதாமல் பெரிய சட்ட அறிஞர் ஒருவர் பொருத்திக் கொடுத்தார்.

இவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் இரண்டு கடதாசி பாடமாக்கியிருப்பேன்.

அடுத்த வரி எனக்குத் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்றும் தெரியும். ஆனால் பாடமாக்கியவர்களுக்குத் தெரியும், நடுவில் ஒரு வரியைத் தாண்டினால் மிச்சம் வராது. நாக்கு தானாகப் போனது.

"எங்கள் ரப்பர் தோட்டத்தில் கங்காணி அப்பாவின் கூலியைப் பிடித்த அன்று, எந்தச் சட்டத்தில் பிடித்தாய் என்று அப்பா கேட்கவில்லை. கேட்பதற்கு அவர் கையில் ஒரு தாள் இல்லை. கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இருட்டும்வரை நின்றார்."

அதோடு நின்றேன். என் அப்பா பருத்தித்துறையில் தபால்காரராக இருந்தவர். அது அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

கோயம்புத்தூர்க்காரப் பொடியன், கம்ப்யூட்டர் வேலை செய்பவன், ஒன்றும் அறியாமல் கேட்டான். "ஆன்ட்டி, யாழ்ப்பாணத்துல ரப்பர் தோட்டமெல்லாம் இருக்கா?"

டீச்சர்தான் பதில் சொன்னார். "அது எங்கப்பா கதை தம்பி. அக்காகிட்ட நான்தான் சொன்னேன். அக்கா எவ்வளவு அழகா ஞாபகம் வெச்சிருக்காங்க பாரு. சரி, இன்னைக்கு டீ முன்னாடியே குடிப்போம்லா."

அவர் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. தன் சட்டத்தைத் தானே மீறி, என் கையிலிருந்த தட்டை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்திருப்பேன். அவர் அதற்கும் இடம் தரவில்லை.

எல்லாரும் போன பிறகு இவர் கிளாஸ்களைக் கழுவினார். வழக்கமில்லாத வேலை. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "கடதாசி எப்ப எடுத்தனீர்?"

"போன மாசம்."

"ஏன்?"

"நீங்கள் அவவோடை கதைக்கிற மாதிரி என்னோடை கதைக்கிறேல்லை" என்றேன்.

இவர் குழாயை மூடினார். "நீர் கேட்டால்தானே கதைக்கலாம்" என்றார். கிளாஸைத் துடைத்தபடி, "வடிவாத்தான் சொன்னனீர். அவவைவிட வடிவா" என்றார். பிறகு, "அவவுக்குப் போன் எடுத்துச் சொல்லும்" என்றார்.

வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்தில், 'அவவைவிட' என்ற சொல்லைத்தான் மனம் திருப்பித் திருப்பிச் சுவைத்தது. அதை மறைத்து என்ன.

கடதாசி எடுத்ததை முழுவதும் போனில் டீச்சரிடம் சொன்னேன்.

"தெரியும் அக்கா. நீங்க வாயத் தொறந்ததும் தெரிஞ்சிருச்சு. நோட்டு போனா இன்னொன்னு எழுதிக்கலாம். ஆனா அப்பா கதைய நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. அன்னைக்குத்தான் சொல்லலாம்னு எழுதி வெச்சேன்." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நீங்க சொல்லிட்டீங்க."

மன்னிப்பு என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. "நீங்கள் திரும்பச் சொல்லோணும் டீச்சர்" என்றேன். "நான் சொன்னது கடதாசியிலை இருந்தது மட்டும்தானே."

அடுத்த மாதக் கூட்டத்தில் டீச்சர் சொன்னார். கடதாசி இல்லாமல், தடுமாறித் தடுமாறி. கடதாசியில் எழுதியிராத எத்தனையோ அதில் இருந்தன. அப்பாவின் செருப்பில் ஒன்றுக்கு வார் அறுந்திருந்ததாம். அன்றைக்குப் பெய்த மழை, வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் படுத்தது. கோயம்புத்தூர்ப் பொடியன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அன்று நான் குசினியில் நிற்கவில்லை. இவருக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மாதிரி ஒரு கதை சொல்ல எனக்கு ஒன்றுமில்லையே என்று அப்போதும் உள்ளே எரிந்தது.

இவர் பக்கம் திரும்பினேன். இவர் டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கதை முடியும்வரை, நான் திரும்பவும் ஏதும் செய்துவிடுவேனோ என்று பயந்தவர்போல.