ஏசுவதற்கு ஒரு வீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், என் மனிசன் வேலியில் வந்திருக்கிற காகத்துக்கும் சொல்லுவார். ஆனால் அந்த வாய்க்கு ஒரு அத்திவாரம் இருந்தது: குருக்கள்மடத்தில் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவார். அதனால் நான் எவ்வளவு கத்தினாலும், "வெளியில போ" என்று என்னை ஒருத்தரும் சொல்ல ஏலாது.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று நானும் அவரும் மகளும் உயிர் தப்பினோம். வீடு போயிற்று. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்த மனிசனின் அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தா. தங்கமான மச்சாள், இன்றைக்கும் நன்றி மறக்கமாட்டேன். ஆனால் குழம்பில் புளி கூடினாலும் "நல்லாயிருக்கு மச்சாள்" என்பேன். மனிசன் வெற்றிலை எச்சிலை வாசலில் துப்பினால் பேசாமல் தண்ணி ஊற்றிக் கழுவுவேன். சோறு இருந்தது, உடுப்பு இருந்தது, வாய்தான் இல்லை.

ஒருநாள் மனிசன் என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன புள்ள, வருத்தமா? நீ என்னை ஏசி எவ்வளவு காலம்!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆர்ர வீட்டில நிண்டு ஏச?" என்றேன்.

மறுகா, கொஞ்சக் காலம் போக, ஊரில் புது வீடு கட்டித் தாறம் என்று பதிய ஆட்கள் வந்தார்கள். மேசையில் இருந்த தம்பி, "குடும்பத் தலைவர் ஆர்? அவர்ட பேரிலதான் வீட்டு உறுதிப்பத்திரம்" என்றார். முன்னால் நின்ற ஆம்பிளைகள் தங்கள் பேரைச் சொல்லிப்போட்டுப் போனார்கள். இனி ஆயுசுக்கும் நான் விருந்தாளிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. "தம்பி, அது என்ர மனிசிட வீடு. நான் அங்க வந்து இருக்கிற ஆள். அவட பேரைப் போடுங்க" என்றார் என் மனிசன்.

"ஐயா, அப்படிப் போட ஏலாது."

"அப்ப எனக்கு வீடு வேணாம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அட கடவுளே, இருக்கிறதையும் கெடுக்கிறாரே என்று அவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. அந்தத் தம்பி உள்ளே போய்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு வந்து, என் பேரை எழுதினார்.

குடிபோன அன்றே மனிசன் சேற்றுக்காலோடு உள்ளே வந்தார். விட்டேனா? அடுத்த வளவுக்குக் கேட்க ஏசினேன். மனிசன் கால் கழுவிக்கொண்டே சிரித்தார்.

யுத்தம் முடிந்து சில வருசத்தில் மகளுக்குக் கலியாணம். வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று கட்டி நாங்கள் ஒதுங்கினோம். ஒரு காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம், பெரிய வீட்டுக்குள்ளிருந்து மகளின் குரல்:

"ஈரத் துவாயைக் கட்டில்ல போடாதீங்க எண்டு எத்தினை தரம் சொல்ற!"

மருமகனின் சத்தமே இல்லை.

"கேட்குதா?" என்றார் மனிசன்.

"கேட்குது" என்றேன். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேணும்போல் இருந்தது. வாசலில் புதிதாக வெற்றிலை எச்சில் கிடந்தது. அன்றைக்கு மட்டும் ஏசாமல் விட்டேன்.