அப்பாவுக்குச் செய்த பட்டன்கள்

பந்தல்குடியில் ரோட்டோரம் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. லாரி இரைச்சலை மீறி எதிர்ச்சாரியில் நிற்பவரையும் கூப்பிட்டுவிடும் குரல் அப்பாவுக்கு. தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அது போய்விட்டது. பயிற்சி எடுத்தால் ஓரளவு திரும்பும் என்றார் டாக்டர். அதுவரை கைஜாடைதான்; வியாபார அவசரத்தில் ஒவ்வொன்றையும் எழுதிக் காட்ட முடியாது. அப்பா ஜாடையில் ஆணி கேட்டால் அம்மா தாழ்ப்பாளை எடுத்து வருவாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆள் வந்தாலே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார்.

நான் அப்போது தினமும் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், கம்ப்யூட்டர் நிரல் எழுதும் பைத்தான் மொழி படித்துக்கொண்டிருந்தேன். வெப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால், பைத்தானிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அதை மாற்றலாம், பெரிதாக்கலாம், மறைக்கலாம். அதைக் கற்றுக்கொண்ட அன்றே எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. வீட்டு டேப்லெட்டில் ஒரு பக்கம் செய்தேன். பட்டனை அமுக்கினால் அதற்குரிய சொல் திரை நிறையப் பெரிதாக வரும்.

முதல் நாள் கட்டுக்கம்பி வாங்க ஒரு பெரியவர் வந்தார். அப்பா ‘வாங்க’ பட்டனை அமுக்கித் திரையைத் தூக்கிக் காட்டினார். ‘போயிட்டு வாங்க’ என்று வந்தது.

“இப்பத்தான வந்தேன் அண்ணாச்சி, அதுக்குள்ள வெரட்டுறீகளே!”

அப்பா பதறி ‘உக்காருங்க’வை அமுக்கினார். மறுபடியும் ‘போயிட்டு வாங்க’.

நிரலில் தப்பு. எல்லாப் பட்டன்களும் பட்டியலில் கடைசியாக இருந்த சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சத்தமே வராத சிரிப்பு அது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பெரியவரும் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சரிசெய்தேன். அதற்கப்புறம் ஆள் வந்தால் அப்பா உள்ளே போகவில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் துண்டுத்தாளில் எழுதி ஒரு புதுச் சொல் கேட்பார். ‘சரக்கு நாளைக்கு வரும்’. ‘வீட்ல சொகமா?’ ஒருநாள், ‘கோவமில்ல’. அது அம்மாவுக்கு.

அம்மா படித்துவிட்டு, “இதச் சொல்ல ஒரு மிஷினு வேணுமாக்கும்” என்றாள். ஆனால் இன்னொரு தடவை அமுக்கச் சொன்னாள்.

சில மாதத்தில் கரகரவென்று ஒரு குரல் திரும்பியது. வியாபாரத்துக்கு அது போதும். டேப்லெட்டை அம்மா சீரியல் பார்க்க எடுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனாலும் கடை சாத்துமுன் நானும் அப்பாவும் தலையைச் சேர்த்துக்கொண்டு அடுத்த சொல் என்ன என்று யோசித்த சாயங்காலங்கள் அதற்கப்புறம் வாய்க்கவே இல்லை.