எண்ணப்படாத பந்துகள்

அருமைராசா எண்ணுகிறவர். மட்டக்களப்பில் பிறந்தார், மொன்றியலுக்கு வந்தார், பத்தொன்பது வருடமாகப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளை எண்ணுகிறார். ஒருதடவை அங்கே கம்ப்யூட்டர் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி என்றது. அருமைராசா நானூற்றுப் பதினொன்று என்றார். கடைசியில் கம்ப்யூட்டரைத்தான் திருத்தினார்கள்.

வேலை முடிந்தாலும் அவருக்கு அது நிற்பதில்லை. மெத்ரோப் படிகள், பிரசங்கத்தின் நடுவில் பாதிரியார் இருமுகிற இருமல்கள், எல்லாம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். "எண்ணுங்க, வேணாமெண்டு சொல்லல்ல. நான் எத்தின இடியப்பம் திண்ட எண்டு மட்டும் ஆக்களுக்கு முன்னால சொல்லாதீங்க" என்பார் மனைவி றெஜினா.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் நிஷான் பிறந்தான். பதினெட்டு வயது, இடது கைக்காரன், பேஸ்போலில் பந்தெறிகிறவன். மைதானத்தின் நடுவில் இருக்கிற மண்மேட்டில் நின்று அவன் எறிந்தால் பந்து மணிக்கு நூற்று நாற்பது கிலோமீற்றரில் போகும். அந்த வேகம் முழுவதும் முழங்கையின் உட்பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னத் தசைநாரில் தொங்குகிறது. அது அறுந்தால் ஒரு வருடம் போகும். சிலருக்கு எல்லாமே போகும். அதனால் பேஸ்போலில் எறிகிற ஒவ்வொரு பந்தையும் எண்ணுவார்கள்.

நிஷான் ஆடுகிற அஹுன்ட்சிக் கிளப்பின் பயிற்சியாளர் ஜில்பேர், வேலியோரம் நின்று உதடசைக்கும் இந்தத் தகப்பனைக் கொஞ்ச நாள் கவனித்தார். பிறகு பெருவிரலால் அமத்துகிற ஒரு எண்ணும் கருவியை அவருடைய கையில் வைத்தார். விதி இரண்டே வரி. ஆட்டத்தன்று அறுபது பந்து. ஆட்டத்துக்கு முதல்நாள் பூச்சியம்.

போன ஆவணியில் ஒரு பிரெஞ்சு வாரப்பத்திரிகை, அடுத்த வருடம் இந்தப் பையனுடைய வருடம் என்று எழுதியது. எழுதியவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அந்த வசனம் மட்டும் எங்கள் ஆட்களிடம் தங்கிவிட்டது. கல்யாண வீட்டிலும் செத்தவீட்டிலும் நிஷானைக் கண்டவர்கள் தோளில் தட்டி, "இது உன்ர வருசம், தம்பி" என்றார்கள். தட்டியது பெரும்பாலும் இடது தோளில்.

எங்கள் தமிழ் ஒன்றியத்தின் தலைவர் கணேசலிங்கம் அதோடு விடவில்லை. பாராட்டு விழா என்றார்.

"அவன் இன்னும் ஒண்டும் செய்யல்லையே, அண்ணை" என்றார் அருமைராசா.

"அதுதான் ஐசே விசயம். வெண்டாப் பிறகு வச்சால் ரொறன்ரோத் தமிழ்ச் சங்கக்காரர் முந்திக்கொண்டு வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம். நாங்கள் முதலே செய்துபோட வேணும்."

விழா மலர் அச்சானது. 'சாதனைகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விடப்பட்டது. "பேந்து நிரப்பலாம்" என்றார் தலைவர். நிஷான் எறிகிற படத்தோடு பெரிய துணிப் பனரும் வந்தது. அனுசரணையாளர்களின் பெயர்களுக்கு இடம் காணாதபடியால், படத்தில் அவனுடைய இடது கை முழங்கையோடு வெட்டப்பட்டிருந்தது. அதை ஒருவரும் குறையாக எடுக்கவில்லை.

மண்டபம் ஒரே ஒரு சனிக்கிழமைதான் கிடைத்தது. ஞாயிறு மத்தியானம் பருவத்தின் முதல் ஆட்டம். அன்றைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அணிக்கு ஆள் தேடுகிறவர் ஒருவர், நிஷானைப் பார்ப்பதற்கென்றே எல்லை தாண்டி வருகிறார்.

புதன்கிழமை நிஷான் சமையலறையில் நின்று இடது கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மனே?"

"சின்ன விரல் விறைக்குது அப்பா. சே கொரெக்ட், பரவாயில்ல. குளிருக்காக்கும்."

"எத்தின விரல்?"

"ஒண்டு." பக்கத்து விரலையும் தொட்டுப் பார்த்தான். "ஒண்டரை. ஜில்பேரிட்ட சொல்லாதீங்க. சொன்னா ஞாயிறு என்ன இறக்கமாட்டான்."

அருமைராசா சொல்லவில்லை. ஒன்றரை விரலை மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மங்கள விளக்கு ஏற்றி, ஐந்து உரைகள் முடிந்தன. ஐந்திலும் அந்த வசனம் வந்தது. பிறகு தலைவர் மைக்கைப் பிடித்து, "இனி கார் பார்க்கில ஒரு சின்னக் காட்சி" என்றார். அவருடைய மற்றக் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைக் குறை சொல்லக்கூடாது. ஊரில் எங்களுக்குத் தெரிந்த பந்துவீச்சாளன் காலையில் தொடங்கினால் தேத்தண்ணிக்கு மட்டும் நிற்பான். அடுத்த நாளும் வருவான். பந்தை எண்ணி வைக்க வேண்டிய கை ஒன்று உலகத்தில் இருப்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தராத விசயம்.

வெளியே ஆறு பாகைக் குளிர். நிர்வாகசபை வரிசையில் நின்றது. நிஷான் எறிய, கோட்டுப் போட்ட பெரியவர்கள் ஆளுக்கொரு பந்தைச் சந்தித்தார்கள். "நான் சென்றல் கொலிச்சில ஓப்பினிங் இறங்கினனான், தம்பி. மெல்லமாய்ப் போடாதை" என்றார் பொருளாளர். பந்து அவரைத் தாண்டிப் போனபிறகுதான் மட்டையைத் தூக்கினார். ஆகவே இன்னொன்று கேட்டார். படங்களில் பனர் விழவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அருமைராசாவின் சட்டைப்பையில் கருவி கிடந்தது. அமத்தவில்லை. இது ஆட்டம் இல்லையே என்று தனக்குத்தானே சொன்னார். ஆனால் எண்ணாமல் நிற்க அவருக்குத் தெரியாது. நடுவில் பொன்னாடையை எடுத்துவர அவரை உள்ளே அனுப்பினார்கள். திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து எண்ணினார். நாற்பதுக்கு மேல் மகன் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு கையை உதறினான். ஐம்பத்தெட்டில், கேக் வெட்ட வேண்டும் என்று யாரோ கூப்பிட்டபடியால் நின்றது. பொன்னாடையை இடது தோளில் போர்த்தினார்கள். சபை கைதட்டியது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். வேலியில் பனர் கட்டப்பட்டிருந்தது. மாலையை ஒரு குளிர்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தலைவர் முதல் வரிசையில் இருந்தார். நாலு வரிசைக்குப் பின்னால் அமெரிக்கக்காரர், ஒரு கையில் வேகம் அளக்கும் கருவி, மற்றக் கையில் கொப்பி.

முதல் பன்னிரண்டு பந்து, அந்த வசனம் உண்மைதான் என்று சொல்லும்படி போயின. பத்தொன்பதாவதில் வேகம் இறங்க, அமெரிக்கக்காரர் தன்னுடைய கருவியைத் தட்டிப் பார்த்தார். இருபத்து நாலாவதில் பார்க்கவே இல்லை, எழுதினார். இருபத்தேழாவது பந்து பிடிக்கிறவனின் தலைக்கு மேலால் போய் வேலியில் அடித்தது.

"வைட் போல்!" என்று தலைவர் விளையாட்டாகக் கத்தினார்.

நிஷான் கையைத் தண்ணீர் உதறுவதுபோல உதறினான். பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. வேலியோரம் நின்ற தகப்பனைப் பார்த்தான்.

கருவியில் இருபத்தேழு. அருமைராசா அமத்தத் தொடங்கினார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

"என்ன செய்றீங்க? அவன் எறியல்லையே" என்றார் றெஜினா.

"எறிஞ்சவன். நேத்து."

ஐம்பத்தெட்டுத் தடவை அமத்தி முடிய, கருவியை எடுத்துக்கொண்டு ஜில்பேரிடம் நடந்தார். அவருடைய பிரெஞ்சு பண்டகசாலைப் பிரெஞ்சு, குறைகிற பெட்டிகளை அறிவிக்க மட்டும் பழகியது. அதில் சொன்னார். நேற்று ஐம்பத்தெட்டு. இன்றைக்கு இருபத்தேழு. புதன்கிழமை விரல் விறைத்தது. மூன்றும் எனக்குத் தெரியும்.

ஜில்பேர் எண்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, மேட்டுக்கு நடந்துபோய், நிஷானின் கையிலிருந்து பந்தை வாங்கினார்.

முதல் வரிசையில், "கண்பட்டுப் போச்சு. ரொறன்ரோக்காரரின்ர வேலை" என்றார் கணேசலிங்கம். குளிர்பெட்டியின் மூடியைத் திறந்து மாலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். அமெரிக்கக்காரரின் இருக்கை வெறுமையாக இருந்தது.

நிஷான் வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தான்.

"எத்தின எண்டு சொன்னீங்க?"

"எம்பத்தஞ்சு."

"எம்பத்தாறு, அப்பா. நீங்க பொன்னாடை எடுக்கப் போன நேரம் கணேசலிங்கம் அங்கிள் ஒண்டு கேட்டவர். முழங்கைக்குள்ள டிக்கெண்டு ஒரு சத்தம் கேட்டது அப்பதான்."

பத்தொன்பது வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தவறவிடாதவர் பெருவிரலை வைத்து ஒருதடவை அமத்தினார். எண்பத்தாறு.

றெஜினா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இடது கைக்காரன் அதை வலது கையால் வாங்கினான்.