படத்தின் நடுவே எழுந்து நின்ற அக்கா

அந்தப் போர்ப் படத்துக்கு அக்காவைக் கூட்டிப் போனது என் புத்தி. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

அக்கா சித்திரபுரத்தில் இருக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றவள். ஒரே மகன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான். அவனுக்குப் பணிக்காலம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கவா, ஊருக்கே வந்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் பதில் சொல்ல வேண்டும். வரச் சொல்லத்தான் அக்காவுக்கு ஆசை. பிள்ளையின் வேலையைக் கெடுத்தவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று தயங்கிக்கொண்டே இருந்தாள். திரையில் நாலு குண்டு வெடித்தால் பயந்துபோய் "வந்துடுய்யா" என்று சொல்லிவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன். பெரிய மேதாவி.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. தியேட்டரில் ஒரு சீட் காலியில்லை. எதிரி செத்தால் கைதட்டினார்கள். நம் ஆள் செத்தால் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவனுக்கு வீடு வாசல் கிடையாதா? அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய்விடலாமா என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

கடைசியில் கொடி போர்த்திய பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். எங்கள் எஸ்டேட் வழக்கம் அது. கீழே பாதையில் சவம் போனால், மேலே கொழுந்து பறிக்கிறவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு, அது வளைவில் மறையும்வரை நிற்பார்கள்.

பின்னாலிருந்து ஒருவர், "சேச்சி, இரிக்கு" என்று மலையாளத்தில் உட்காரச் சொல்லி அதட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சவம் போகுது புள்ள. போகட்டும்" என்றாள்.

அதட்டியவர் என்ன நினைத்தாரோ, அவரும் எழுந்தார். பிறகு அந்த வரிசை, பிறகு மொத்தத் தியேட்டரும். ஜெய் ஹிந்த் என்று ஒரே கோஷம். ஒரு பெண் அக்காவின் அழுத முகத்தைப் போனில் வீடியோ எடுத்தாள். பட்டாளத்துக்காரனின் அம்மாவா என்று அவள் கேட்டபோது, ஆமாம் என்று பெருமையாகச் சொன்னவளும் நான்தான். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

மறுநாள் அக்கா மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டோம். வீடியோ அவன் முகாம்வரை போய்விட்டதாம்.

"எங்காளுக எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. நீ பயப்படுறன்னுதான் இத்தனை நாளு யோசிச்சேன். இனி எனக்கென்ன? எழுதிக் கொடுத்துட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்று நான் கையால் கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அங்கே குளிரா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். போனை நானாவது பிடுங்கிப் பேசியிருக்கலாம். அவன் அத்தனை சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தான், எனக்கு வாய் வரவில்லை.

போனை வைத்த பிறகுதான் அக்கா பேசினாள். "அந்தப் பெட்டிக்குள்ள அவனத்தான் பாத்தேன்னு, பெத்தவ வாயால எப்படிச் சொல்லுவேன்?"