பண்டத்தரிப்பில் அடிக்காமல் விட்ட மூலை

மதிய வெயிலில் பனைகள் சரசரக்கின்றன. பண்டத்தரிப்பிலுள்ள சிறுவர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு நான் நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து எங்கள் தேவாலயக் குழு நேற்றுத்தான் வந்தது. நாளை மறுநாள் திரும்பிவிடும். பெயின்ட் வாசனையில் தலை மெல்லக் கிறங்குகிறது. ரோலர் போன வழியெல்லாம் சுவர் கடலாகிறது. முன்பு வந்த குழுவின் மஞ்சளும், அது உரிந்த இடங்களில் அதற்கும் முந்திய குழுவின் பச்சையும் அதில் மூழ்குகின்றன.

"அக்கா, உந்த மூலைக்கு அடிக்காதேங்கோ."

இங்கே வளரும் நிரோஜினி கதவோரம் நிற்கிறாள். பன்னிரண்டு வயதிருக்கும்.

குனிந்து பார்க்கிறேன். அந்த மூலை மட்டும் இன்னும் வெறும் சுண்ணாம்பு. அதில் பிள்ளைகள் தங்கள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் பெயர் எழுதியிருக்கிறார்கள். சற்று உயரத்தில் 'டேவிட் அங்கிள்' என்றும் இருக்கிறது.

"இவர் ஆர்?"

"உங்களை மாதிரி வந்தவர். வாற ஆக்களையும் நாங்கள் அளந்து வைப்பம்."

"பெரிய ஆக்கள் வளரமாட்டினமே."

"ஓம். திரும்பி வந்தா, பக்கத்திலை இன்னொரு கோடு போடுவம்."

என்னைச் சுவரோடு நிறுத்தி, வாங்குப் பலகையில் ஏறிக் கோடு போடுகிறாள். பென்சில் தலைமயிரை உரசிப்போகிறது. விலகி நின்று பார்க்கிறேன். நிரோஜினியின் கோடுகள் ஏணிபோல ஏறுகின்றன. வந்துபோனவர்களின் பெயர்கள் பத்துப் பதினைந்து இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கோடுதான்.