நான் சொன்ன ‘நோ’

இரண்டு வருடங்களுக்கு முன்னர், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை அச்சுவேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது இது. இன்றைக்கும் அந்த விறாந்தைக் கதிரையில் நான் உட்காருவதில்லை.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்துக்குத் தெரிவாகி முதலாம் வருடம் சேர்ந்திருந்தேன். பாடங்கள் தொடங்குவதற்கு முன் புதிதாக வந்த எல்லோருக்கும் ஆங்கில வகுப்பு வைத்தார்கள். எனக்கு ஆங்கிலம் என்றாலே பயம். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரச் சோதனையில் நான் கோட்டை விட்டது அந்த ஒரு பாடத்தில்தான். அப்பா வெங்காயத் தோட்டம் செய்கிறவர். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே பெரிய கனவுகளோடு பல்கலைக்கழகம் போன நான் அங்கே முதலில் படித்தது, ஒன்று என்றால் ‘இஸ்’, பல என்றால் ‘ஆர்’ என்பதைத்தான்.

வகுப்பில் ஒருநாள் விரிவுரையாளர் என்னை எழுப்பி, சந்தையைப் பற்றி ஒரு வசனம் சொல்லச் சொன்னார். “தேர் இஸ் மெனி பீப்பிள்” என்றேன். கடைசி வரிசையில், பின்வாங்கில் இருந்த ஒருவன் அதை என் குரலிலேயே திருப்பிச் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. விரிவுரையாளர் அவனைக் கண்டித்தார்தான். ஆனால் அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். வசனத்தை மனதுக்குள் முழுதாகக் கட்டி, சரி பார்த்து, அதன்பிறகுதான் வாயைத் திறப்பது. சரியாக வராவிட்டால் பேசாமல் இருந்துவிடுவது.

அந்த நேரத்தில்தான் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், திருவிழாவுக்காக லண்டனில் இருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். கூடவே அவருடைய எட்டு வயது மகள். பிள்ளைக்குத் தமிழில் தெரிந்தது ‘அம்மா’, ‘சித்தி’, ‘தண்ணி’, ‘போதும்’ மட்டும். சித்தி என்பது நான். அவள் சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால் நான் குசினிக்குள் போய் அடுப்படியில் ஒளிவேன். பின்னால் ஆங்கிலம் வரும் என்று தெரியும்.

ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. என்னுடைய வகுப்புப் புத்தகத்தை எங்கோ கண்டெடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஏறி இருந்துவிட்டாள். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக என்னை வாசிக்க வைத்தாள். ‘நைஃப்’ என்ற சொல்லை ‘க்னைஃப்’ என்று வாசித்தேன். அவள் சிரிக்கவில்லை. முதல் எழுத்தைத் தன் சின்ன விரலால் மறைத்துவிட்டு, இப்போது வாசி என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அதன்பிறகு தினமும் பின்னேரத்தில் நாங்கள் இருவரும் வாசித்தோம். வாசிப்புப் பழகிக்கொண்டு வந்தது. கதைக்கத்தான் வரவில்லை. அவள் எதைக் கேட்டாலும் தலையாட்டுவேன், அல்லது ‘யெஸ்’, ‘நோ’ என்று ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் அக்காவும் விடிய வெள்ளனக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். பிள்ளை முதல்நாள் கோயில் வீதியில் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் கொப்பளித்துப்போய் இருந்ததால் அவளை விட்டுவிட்டுப் போனார்கள். எனக்குத் திங்கட்கிழமை ஆங்கிலச் சோதனை. அதனால் நானும் வீட்டில் நின்றேன். அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் ஒரு தட்டை நீட்டினார். பயத்தம் உருண்டை. பயற்றை வறுத்து மாவாக்கி, துருவிய தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பிடிக்கிற உருண்டை அது.

“பயறு போதாமப் போச்சுது பிள்ளை. கச்சானும் வறுத்து இடிச்சுச் சேர்த்தனான். திண்டு பாத்துச் சொல்லு” என்றார். நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம்.

தட்டைக் கொண்டுவந்து விறாந்தை மேசையில் வைத்துவிட்டு நான் கதிரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். பிள்ளை ஒரு உருண்டையைக் கையில் எடுத்தாள். உடனே வாயில் போடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். அதில் ‘பீநட்ஸ்’ என்ற சொல் இருந்தது. சொக்கலேட் பெட்டிகளில் பார்த்த சொல் என்பதால் எனக்கு அது தெரியும். இதற்குள் கச்சான் இல்லைத்தானே என்று கேட்கிறாள்.

கேள்வி எனக்கு விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டது விளங்கிவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது. ‘இல்லைத்தானே?’ என்று கேட்டால் நாங்கள் எப்படி மறுப்போம்? ‘இல்லை, இருக்கு’ என்போம். அந்தப் பழக்கத்தில் நானும் தொடங்கினேன்.

“நோ” என்றேன்.

இனி மற்றப் பாதியைச் சொல்ல வேண்டும். கச்சான் இருக்கு. ‘தேர்’ என்று தொடங்க வேண்டும், அது தெரியும். அதற்குப் பிறகு இஸ்ஸா, ஆரா? கச்சான் என்றால் பல. ஆனால் இது இடித்து மாவோடு கலந்த கச்சான். அப்படியென்றால் ஒன்றா, பலவா? நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்குச் சிரிப்புக் காதில் கேட்டது.

நான் வசனத்தைக் கட்டி முடிக்கும்போது, என் ‘நோ’வைக் கச்சான் இல்லை என்று எடுத்துக்கொண்டு அவள் பாதி உருண்டையைத் தின்றுவிட்டாள்.

தின்றால் தின்னட்டும் என்றுதான் நினைத்தேன். கச்சானில் என்ன இருக்கிறது? ஆனால் அவளுக்குக் கச்சான் ஆகாது, கொடுக்க வேண்டாம் என்று அக்கா வந்த அன்றே அம்மாவிடம் சொல்லியிருந்தார். நான் அப்போது வகுப்பில். உடம்பு கடிக்குமாக்கும், தடிக்குமாக்கும் என்று நினைத்த அம்மா, வீட்டில் இருந்த கச்சான் போத்தலை எடுத்து ஒளித்து வைத்ததோடு விட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. சாப்பாடு ஒரு உயிரை எடுக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

முதலில் அவள் உதட்டைத் தேய்த்தாள். பிறகு கழுத்தைச் சொறிந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவளுடைய முகம் அவளுடைய முகமாக இல்லை. கண் இமைகள் வீங்கி, உதடு தடித்து, கன்னம் முழுக்கச் சிவந்த திட்டுகள். இருமினாள். அந்த இருமல் மனிதர் இருமுவது போல இல்லை. கையில் இருந்த மீதி உருண்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.

“சித்தி, மை பென்” என்றாள்.

பென் என்றால் பேனை. இந்த நேரத்தில் இவளுக்கு எதற்குப் பேனை என்று யோசித்துக்கொண்டே என் நீலப் பேனையை எடுத்து நீட்டினேன். எழுதிக் காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைத் தட்டிவிட்டு, மூச்சு இழுத்துக்கொண்டே அறைப்பக்கம் கையைக் காட்டினாள். நான் ஓடிப்போய் அவளுடைய முதுகுப்பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தரையில் கொட்டினேன். அதற்குள் இருந்து ஒரு மஞ்சள் குழாயை இழுத்து எடுத்து என் கையில் திணித்தாள். அதோடு அவள் பேச்சு நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, மூச்சு மட்டும் கீச்சுக் கீச்சென்று வந்தது.

குழாய்க்குள் தடித்த பேனை போல ஒன்று. ஒரு முனை நீலம், மற்ற முனை செம்மஞ்சள். பக்கவாட்டில் படங்களும் ஆங்கில எழுத்தும். நான் சத்தம் போட்டு வாசித்தேன், வகுப்பில் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக. ‘புல்’ என்றால் இழு. ‘புளூ’ என்றால் நீலம். நீல மூடியை இழுத்தேன், கழன்று வந்தது. அடுத்ததாக ‘ஒரேஞ்ச் எண்ட்’ என்று இருந்தது. எண்ட் என்றால் முடிவு என்றுதான் எனக்குத் தெரியும், படம் முடியும்போது போடுவது. செம்மஞ்சள் முடிவு என்றால் என்ன? எனக்குத் தெரிந்த பேனை எல்லாம் பெருவிரலால் அமத்துகிற பேனை. செம்மஞ்சள் முனையில் என் பெருவிரலை வைத்தேன்.

அவள் என் கையில் ஓங்கி அடித்தாள். அவ்வளவு பலம் அவளிடம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பேனையைத் தலைகீழாகத் திருப்பி என் கைக்குள் வைத்தாள். அது ஒவ்வாமைக்குப் போடுகிற ஊசிமருந்துப் பேனை என்றும், அந்த முனைக்குள்தான் ஊசி இருக்கிறது என்றும் பிறகுதான் அறிந்தேன். அமத்தியிருந்தால் மருந்து முழுக்க என் விரலுக்குள் போயிருக்கும், அவளுக்கு ஒரு துளியும் இருந்திராது.

எங்கே குத்துவது என்று எழுதியிருந்த சொல்லை என்னால் வாசிக்கவே முடியவில்லை. நான் அதுவரை பார்க்காத சொல். அவள் தன் தொடையில் கையை வைத்துக் காட்டினாள். ‘புஷ்’ தெரியும், ‘ஹோல்ட்’ தெரியும். தள்ளினேன். உள்ளே ஏதோ கிளிக் என்றது. எடுக்காமல் பிடித்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். “என்னடி குடுத்தனி?” என்று கேட்டார். நான் மேசையைக் காட்டினேன். பக்கத்து வீட்டு மாமியின் மகன் ஓட்டோவை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பிள்ளை என் மடியில் சத்தி எடுத்தாள், தின்றது எல்லாம் வெளியே வந்தது. பிறகு அவளுடைய நெஞ்சு மெல்ல மெல்ல இறங்கி ஏறத் தொடங்கியது. நானும் அதோடு சேர்த்துத்தான் மூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்து, இன்னும் ஏதோ ஊசிகள் போட்டார்கள். வைத்திய அம்மா அந்த மஞ்சள் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது போட்டிராட்டி, இஞ்சை கொண்டு வந்தும் பிரயோசனம் இருந்திராது.” அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

பிள்ளைக்குக் கொஞ்சம் தெளிந்ததும் வைத்திய அம்மா குனிந்து, என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல், கோபமும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“ஐ ஆஸ்க்ட் ஹெர். ஷீ செட் நோ.”

மனதுக்குள் தமிழுக்கு மாற்றாமல், கேட்ட உடனேயே எனக்கு முழுதாக விளங்கிய முதல் ஆங்கில வசனம் அதுதான். நான் கேட்டேன், அவ இல்லை எண்டவ. வைத்திய அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. நான் பேசாமல் இருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியவராது.

திருவிழாச் சனத்துக்குள் அக்காவின் கைத்தொலைபேசிச் சத்தம் கேட்கவே இல்லையாம். மத்தியானம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார். பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். அவருடைய அழுகை அடங்கியதும் நானே முன்னுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டதை, எனக்கு விளங்கியதை, ‘நோ’ என்றதை, இஸ்ஸா ஆரா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றதை.

அக்கா என் பக்கம் திரும்பினார். “கையிலை இருந்து தட்டிவிட்டிருக்கலாமே. தலையை ஆட்டியிருக்கலாமே. தமிழிலையாவது கத்தியிருக்கலாமே” என்று கத்தினார். அன்றிரவு பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நிற்பதற்கும் என்னை விடவில்லை.

அவர் சொன்னது சரி. தட்டிவிடுவதற்கு இலக்கணம் தேவையில்லை. கச்சான் என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கையை நீட்டியிருந்தாலும் அவள் நிறுத்தியிருப்பாள். அன்றிரவு முழுவதும் இஸ்ஸா ஆரா என்ற கேள்வி எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து வாசலில் நின்றார்.

“நேற்று உன்னிலை கத்திப்போட்டன்” என்றார். “யோசிச்சுப் பாத்தன். இஞ்சை கூட்டிக்கொண்டு வர முதல் அவளுக்குக் கச்சான் எண்ட ஒரு சொல்லைக்கூட நான் சொல்லிக் குடுக்கேல்லை. அவளும் பாவம், தனக்குத் தெரிஞ்ச பாசையிலைதானே கேட்டவள்.”

நான் அழுதேன். அக்கா என் கையில் இருந்த தேங்காய்ப் பாதியை வாங்கித் தானே துருவத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் பிள்ளை வழக்கம்போல என் பக்கத்தில் வந்து ஏறி இருந்தாள். நான் பயந்துபோய்ச் சற்று விலகினேன். அவள் இன்னும் நெருங்கி இருந்தாள். அன்று நாங்கள் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவளுக்கு ஒரேயொரு தமிழ் வசனத்தை நான் சொல்லிக் கொடுத்தேன். திரும்புவதற்கு முன் போன எல்லா வீட்டிலும் அவள் அதைச் சொன்னாள், தேத்தண்ணி கொண்டு வந்தவரிடம்கூட. “இதிலை கட்சான் இருக்கா?” அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பதில் வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

திங்கட்கிழமைச் சோதனையில் நான் சித்தியடையவில்லை. மறுபடி எழுதித்தான் தேறினேன். இப்போது இரண்டாம் வருடத்தை முடித்துவிட்டேன், பாடங்களை ஆங்கிலத்திலும் வாசிக்கிறேன், கதைக்கும்போது இன்னும் பிழை விடுகிறேன், அதற்குச் சிரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டுவிட்டு என் பதிலை நம்பிக் காத்திருக்கும் அந்த நேரம் அவருடையது, அதை என் வெட்கத்துக்காக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பது எனக்குள் ஒரு பயமாகவே தங்கிவிட்டது.