பரிமளா சொல்ல மறுத்த காரணம்

பரிமளா சிங்கப்பூரில் இருந்தது இருபத்தொரு வருஷமும் நாலு மாதமும். கல்யாணமாகி மூன்றாம் மாதம் கணவர் முத்துராமனோடு விமானம் ஏறியபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. மகள் இனியா பிறந்தது அங்கேதான். இனியா பள்ளிப் படிப்பை முடித்த பிறகுதான் மூவரும் ஆலங்குடிப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்.

சிங்கப்பூரில் பரிமளா ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் வேலை பார்த்தாள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பரிமாற வேண்டும் என்று சட்டம் வைத்திருந்த இடத்தில், சொந்தமாக ஒரு முக்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்தவள் அவள். முதல் வாரம் திட்டு வாங்கினாள். அடுத்த மாதம் எல்லோருக்கும் முக்காலி வந்தது.

போன வருஷம் தை மாதம் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனாள். அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன், ஆறு தடவை மருந்து ஏற்றியது, இருபத்தைந்து நாள் கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தது என்று ஐப்பசி வரை ஓடியது. தலைமுடி கொட்டி, இப்போதுதான் பையன்களின் கிராப்பு மாதிரி வளர்ந்திருக்கிறது. அவள் அதற்கு முக்காடு போடுவதில்லை.

தெருவில் அதற்குச் சிங்கப்பூர் வியாதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டப்பாச் சாப்பாடும் ஏசிக் காற்றும் கொடுத்தது என்றார்கள். கேப்பைக்களியும் கருவாடும் சாப்பிடுகிற தங்களுக்கு அதெல்லாம் வராது என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

அப்படி நிம்மதியாக இருந்தவர்களில் எதிர்வீட்டுப் பிச்சையம்மாளும் ஒருத்தி. திருச்சி ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆனி மாதம் ஒரு நாள் பரிமளா அவளைப் பார்த்தாள். கர்ப்பப்பை வாயில் புற்று. தூரம் நின்று பத்து வருஷமானவளுக்கு மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. உஷ்ணம் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே எட்டு மாதத்தை ஓட்டியிருக்கிறாள்.

"ஏன் அத்தே, எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சீமைக்குப் போயி வாங்கிட்டு வந்தே. நான் புதுக்கோட்டையத் தாண்டுனதே இன்னிக்குத்தானடி. எனக்கு இது எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் பிச்சையம்மாள்.

அவள் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் கேட்ட கேள்வியைப் பரிமளா பெஞ்சில் பார்த்த அன்றைக்கே டாக்டரிடம் கேட்டிருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நம் பக்கத்திலிருந்து பணக்கார நாடுகளுக்குப் போகிற பெண்களுக்கு, போன புதிதில், அங்கேயே பிறந்தவர்களைவிட மார்புப் புற்று குறைவாகத்தான் வருகிறது. வருஷம் ஏற ஏற அந்த வித்தியாசம் குறைகிறது. அவர்களுக்கு அங்கே பிறக்கிற பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்கள் அளவை இன்னும் நெருங்கிவிடுகிறார்கள். கர்ப்பப்பை வாய், வாய்ப் புற்றெல்லாம் நேர்மாறு. அவை நம் ஊரில்தான் கூடுதல். அது ஊர் ஊராகப் போட்ட கணக்கு. உனக்கு எதனால் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இவ்வளவையும் பரிமளா வீட்டுக்கு வந்து வரி பிசகாமல் சொன்னாள்.

மாசி பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இனியாவைப் பார்க்கத் திருமயத்திலிருந்து வந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. இனியாவும் மாப்பிள்ளை கோபிநாத்தும் இரண்டு முறை போனில் பேசி, இருவருக்கும் பிடித்தும் இருந்தது. பாக்கியிருந்தது ஒன்றுதான். தாய்க்கு இருக்கிற வியாதி மகளுக்கும் வருமா என்று மாப்பிள்ளையின் அம்மா அன்புமொழி தரகரிடம் கேட்டிருந்தார்.

காலையிலேயே பரிமளாவின் அக்கா காத்தாயி அடுப்படிக்கு வந்தாள்.

"கேட்டா சிங்கப்பூர்ல ஒட்டிக்கிட்டதுன்னு சொல்லிப்புடு. ஊர் தண்ணி ஒத்துக்கலே, அம்புட்டுத்தான். பரம்பரைல வந்ததுன்னு நெனச்சாத்தான் எந்திரிச்சுப் போவாக."

பரிமளா கேசரியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "பிச்சையம்மா அத்தைக்கு எந்த ஊர்த் தண்ணிக்கா ஒத்துக்கலே?"

"செத்தவள ஏன்டி இழுக்கிறே? ஒன் மக கல்யாணம்டி."

பத்தே முக்காலுக்குக் கார் வந்தது. கேசரியும் காபியும் முடிந்ததும் அன்புமொழி, பரிமளாவின் தலையைப் பார்த்தபடி தானாகவே வழி எடுத்துக் கொடுத்தார்.

"வெளிநாட்டுல ரொம்ப வருஷம் இருந்தா இதெல்லாம் வருமாமே மதினி. அங்க போனதாலதான வந்துச்சு?"

காத்தாயி அவசரமாகத் தலையாட்டினாள்.

"அது தெரியலங்க மதினி. டாக்டருக்கே தெரியலங்க. அங்க போனதும் ஒரு காரணமா இருக்கலாம். போகாமலே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். இந்தத் தெருவவிட்டு நகராத பொம்பளை ஒருத்திக்கு ஒடம்புல வேற எடத்துல வந்துச்சு" என்றாள் பரிமளா.

"அப்ப பரம்பரையோ?"

"எங்க குடும்பத்துல வேற யாருக்கும் இல்லங்க. நூறு பேருக்கு வந்தா அஞ்சு பத்துப் பேருக்குத்தான் அப்படின்னு டாக்டரம்மா சொன்னாங்க. இனியா வயசு கூடக்கூட ஒழுங்கா செக்கப் பண்ணிக்கணும். அத நான் மறைக்க மாட்டேன்."

அன்புமொழி குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் புரியுது மதினி. எங்க ஆளுக கேப்பாக. நான் அந்த ஊர் வியாதின்னே சொல்லிக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லிட்டா போதும். பேசி முடிச்சுருவோம்."

இதைவிடச் சுலபமாக ஒரு கல்யாணம் கூடிவராது. முத்துராமன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ஊர்தான் வியாதியக் குடுக்கும்னா, நான் பொழைக்கப் போனவ. எம் மக அங்கேயே பொறந்து, பதினெட்டு வயசு வரைக்கும் அங்கத்துச் சோத்தத் தின்னு வளந்தவ. என்னையவிட அவளுக்குத்தான நீங்க பயப்படணும்?" என்றாள் பரிமளா. "அவள மட்டும் எப்படிங்க கூட்டிட்டுப் போவீங்க?"

அன்புமொழிக்கு அது தோன்றியிருக்கவில்லை. காத்தாயிக்கும்தான்.

"வெளிநாட்டு வியாதின்னு நீங்க திருமயத்துல சொன்னா, அங்க நாலு பொம்பளைக நமக்கில்லேன்னு உக்காந்திருவாக. நீங்க சொல்லுங்க. நான் பஸ் ஏறி வந்து இல்லேன்னு சொல்லிட்டுப் போவேன்."

உள்ளேயிருந்து இனியா சிரிக்கிற சத்தம் கேட்டது. திருமயத்துக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டைத் தொடாமல் எழுந்தார்கள்.

புதன்கிழமை தரகர் போன் செய்தார். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். கோபிநாத் ஒரு மன்னிப்பு மெசேஜ் மட்டும் அனுப்பினான்.

"ஒன் வாயால கெட்டுச்சு. போச்சு" என்று காத்தாயி பொரிந்தாள்.

இனியா அன்று வங்கி வேலைக்குப் போகும்போது கண் சிவந்துதான் இருந்தது. ஆனாலும் படியில் நின்று திரும்பினாள். "பெரியம்மா, அந்தப் பொய்ய நானும் ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கணும். பரவால்ல, விடுங்க."

சம்பந்தம் கலைந்த வீடு என்று தெருப்பெண்கள் விசாரிக்க வந்தார்கள். ஒரு வாரத்தில் பதினேழு பேர். உச்சுக் கொட்டியபடி வந்து உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பரிமளா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "சரி, ஒனக்கு முப்பது தாண்டிருச்சுல்ல? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி மார்பையும் கர்ப்பப்பை வாயையும் காட்டிட்டு வந்துட்டியா?" என்று முடித்தாள்.

பங்குனி முடிவதற்குள் ஒன்பது பேர் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். காத்தாயி ஏழாவது ஆள். அவளை பஸ் ஸ்டாப் வரை கையைப் பிடித்து இழுத்துப் போனது பரிமளாதான்.